இருபதாம் எண்

தொலைபேசியில் ஹானுஸ் சொன்னது இவ்வளவுதான்:
"உன் எடிட்டரைத் தூங்கவைத்தால்
என் திரைக்குப் பைத்தியம் பிடிக்கிறது."

டோர்ஸ்ஹவ்ன் துறைமுகம், மீன் ஏலக் கூடம்.
தரையெல்லாம் பனிக்கட்டி, மேசையில் பழைய கணினி,
அதைவிடப் பழைய ஷெல்.
கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினான்.
எடிட்டர் போய்விட்டது, ஆனால் ஒழுங்காகப் போகவில்லை.
அவன் தட்டிய எழுத்து திரைக்கு வரவில்லை.
வந்த வரிகளோ
இடது ஓரத்துக்குத் திரும்பத் தெரியாமல்
      படிக்கட்டு படிக்கட்டாய்
            வலப்பக்கம் இறங்கி
                  சுவரில் முட்டி நின்றன.
கர்சரையும் காணோம்.

சுன்வர் கேட்டதும் சிரித்துவிட்டாள். பிறகு சிரிக்கவில்லை.
விருந்துக்குப் போன வீட்டில்
நாற்காலிகளை நகர்த்தி, விளக்கை அணைத்து,
கண்ணாடியைத் துணியால் மூடி
அங்கேயே சோபாவில் தூங்கிப்போனவன் மாதிரி
நடந்துகொள்கிறது அவள் எழுதிய நிரல்.

நோல்சோய் கலங்கரை விளக்கம்
ஜன்னலில் விட்டு விட்டு எரிந்த இரவில் திருத்தினாள்:

இருபதாம் எண் சமிக்ஞை வந்தால் உடனே சாயாதே.
மாற்றுத் திரையை விட்டு வெளியே வா.
கர்சரைக் கண்ணில் படும்படி வை.
எழுத்தைத் திரும்பக் காட்டும் வழக்கத்தை
ஷெல்லிடமே ஒப்படை.
பிறகு உன் கையாலேயே
அதே சமிக்ஞையை உனக்கு அனுப்பிக்கொள்.
இந்த முறை தடுக்காதே.

கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினாள்.
தூக்கத்தைத் தானே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எழுவதுதான் பெரும்பாடு.
பதினெட்டு வந்து தோளைத் தட்டும்போது
கண் சிமிட்டிய நேரம்தான் ஆயிற்று என்று நினைத்துக்கொள்கிறது நிரல்.
வரைந்ததெல்லாம் வரைந்த இடத்தில் இருக்கும் என்று நம்பி
மாறிய ஓர் எழுத்தை மட்டும் வைக்கப் பார்க்கிறது,
யாருடைய திரையிலோ.
"எதையும் நம்பாதே" என்று குறிப்பு எழுதினாள்.
"முதலில் அகலம் கேள். உயரம் கேள்.
மேலிருந்து கீழ்வரை மறுபடி வரை."

பத்தொன்பதுக்கு மட்டும் அவளிடம் ஒன்றுமில்லை.
பிடிக்க முடியாது, ஒத்திப்போட முடியாது,
வந்ததே நிரலுக்குத் தெரியாது.
போட்டது போட்டபடி நின்றுபோகும்.
எழுந்த பிறகு கூட்டிப் பெருக்கலாம், அவ்வளவே.
அந்த இடத்தில் ஒரு வெற்று வரி விட்டாள்.

இருநூறு முறை தூங்கவைத்து இருநூறு முறை எழுப்பினாள்.
இருநூற்றோராவது முறை எழுப்ப மறந்து
தானும் படுத்துவிட்டாள்.
காலையில் வெளியேறப் போனவளை ஷெல் மறித்தது:
நிறுத்திவைத்த வேலை ஒன்று இருக்கிறது.

நவம்பரில் புயல்.
"கோட் மீன், நாற்பது பெட்டி, பனிக்கட்டி போட்டு"
என்பதுவரை எழுதி
வினையெச்சத்திலேயே இசட்டை அழுத்திவிட்டு
தங்கையைப் பார்க்க சுதுரோய்க்குப் படகேறினான் ஹானுஸ்.
மூன்று நாள் படகு திரும்பவில்லை.

நாலாம் நாள் வந்து
எஃப், ஜி என்று இரண்டே எழுத்து தட்டினான்.
இதற்குள் தூரி அந்தச் சாளரத்தைப் பாதியாய்ச் சுருக்கி
பக்கத்தில் காற்று வரைபடம் வைத்திருந்தாள்.
எடிட்டர் எழுந்தது.
எத்தனை நாள் என்று கேட்கவில்லை.
எத்தனை அகலம் என்று மட்டும் கேட்டது.
பாதி இடத்துக்குள் எல்லா வரியையும் மடித்து வரைந்தது.
'போட்டு'க்குப் பக்கத்தில் கர்சர், சிமிட்டிக்கொண்டு.

அடியில் ஒரு வரி:
வட்டில் உள்ள கோப்பு மாறியிருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

தூரி எழுதியிருந்தாள், வேறொரு சாளரத்திலிருந்து.
நாற்பது பெட்டியும் போயாயிற்று.
வாங்கியவர் பெயர், விலை, செவ்வாய்க்கிழமை.

ஹானுஸ் தன் வாக்கியத்தை ஒருமுறை படித்தான்.
கையுறையைக் கழற்றாமலே
அவளுடையது என்று விசையைத் தட்டினான்.

காப்பி எடுக்கப் போனான்.
எடிட்டரை நிறுத்தவில்லை,
திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் போனான்.